மலை முதல்ல, கடல் கடைசியா: மொரீஷியஸ் தென்மேற்கை ஒரே நாள்ல குடும்பத்தோட சுத்திப் பார்க்க முழுமையான வழிகாட்டி

நாங்க இருக்கிறது மொரீஷியஸ்ல காத்ர் போர்ன்ங்கிற ஊர்ல. வருஷத்துல ரெண்டு மூணு தடவையாவது ஊர்லேர்ந்து யாராவது சொந்தக்காரங்க வந்துடுவாங்க, வந்தா ஒரு நாள் தென்மேற்குப் பக்கம் கூட்டிட்டுப் போறது எங்க வேலை. முதல் தடவை எல்லாரும் பண்றதைத்தான் நாங்களும் பண்ணோம், பசங்க ஆசைப்படறாங்கன்னு காலையிலயே நேரா லெ மோர்ன் கடற்கரைக்குப் போயிட்டோம். அதுக்கப்புறம் பசங்களைத் தண்ணியிலேர்ந்து வெளிய எடுக்கவே 12 மணி ஆச்சு, ஈரத்துணியும் மணலுமா மலை ஏறினா குளிர்ல நடுங்குறாங்க, ஏழு வண்ண மண் இருக்கிற ஷமரேல்ல வெயிலே இல்ல, கங்கா தலாவ்ங்கிற புனிதக் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தப்போ மூடுபனி இறங்கி சிவன் சிலை முழங்கால் வரைக்கும்தான் தெரிஞ்சுது. மாமியார் அந்தச் சிலையைப் பார்க்கத்தான் முக்கியமா வந்திருந்தாங்க.

அதுலேர்ந்து வரிசையை மாத்தி மாத்திப் பார்த்து இப்போ ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கோம். இடமெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச இடம்தான், எதுக்கப்புறம் எது போறோம்ங்கிறதுலதான் அந்த நாளே அடங்கியிருக்கு. கீழ சொல்றது காத்ர் போர்ன், ரோஸ் ஹில், ஃபீனிக்ஸ் பக்கத்துலேர்ந்து கிளம்பறவங்களுக்கு. ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்ல தங்கியிருந்தாலும் இதே வரிசைதான், காலையில அரை மணி நேரம் முன்னாடி கிளம்பணும், அவ்வளவுதான்.

1. எந்த நாள் போறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

வார நாள்ல போங்க. ஞாயித்துக்கிழமையும் லீவு நாளும் உள்ளூர்க் குடும்பங்க அண்டா குண்டாவோட கடற்கரைக்கு வந்துடுவாங்க, அது அவங்களோட நாள், பார்க்கவும் நல்லாத்தான் இருக்கும், ஆனா லெ மோர்ன்ல கார் நிறுத்த இடம் கிடைக்காது, திரும்பற ரோடும் நிக்கும்.

மகா சிவராத்திரிக்கு முந்தின ஒரு வாரம் கங்கா தலாவ் பக்கம் சுத்திப் பார்க்கறதுக்குன்னு போகாதீங்க. தீவோட எல்லா மூலையிலேர்ந்தும் லட்சக்கணக்குல ஜனங்க காவடி தூக்கிட்டு நடந்தே வர்ற நேரம் அது, ரோடு அவங்களுக்குத்தான். சாமி கும்பிடப் போறதுன்னா அதுக்குன்னு தனியா ஒரு நாள் ஒதுக்கிப் போங்க.

நவம்பர்லேர்ந்து மே நடுப்பகுதி வரைக்கும் புயல் சீசன். இங்க புயல் எச்சரிக்கை கிளாஸ் 1லேர்ந்து 4 வரைக்கும் வரும். கிளாஸ் 1 சொன்னாலே நாங்க மலைப்பக்கத்தைத் தள்ளிப் போட்டுடுவோம். புயல் இல்லாத நாள்லயும் கனமழை எச்சரிக்கை இருக்கான்னு முந்தின ராத்திரி ஒரு தடவை பார்த்துடுங்க, ஷமரேலுக்குப் போற பிளேன் ஷாம்பாஞ் மலை ரோட்டுல மழையும் பனியும் சேர்ந்தா பத்தடி தள்ளி இருக்கிறது தெரியாது.

இன்னொண்ணு, குளிர்காலத்துல பகல் சின்னது. ஜூன், ஜூலைல சாயங்காலம் 5.45க்கெல்லாம் சூரியன் இறங்கிடும். டிசம்பர், ஜனவரில 6.45 தாண்டியும் வெளிச்சம் இருக்கும். கீழ நான் குடுத்திருக்கிற நேரம் குளிர்காலக் கணக்கு, ஏன்னா நம்ம ஊர் ஸ்கூல் லீவுல மே, ஜூன்லதான் நிறைய பேர் வர்றாங்க.

2. வண்டி

பஸ்ல இது ஒரே நாள்ல முடியாது. ஷமரேல் பக்கம் பஸ் ரொம்பக் கம்மி, ஒண்ணை விட்டா வெயில்ல நிக்கணும்.

நாலு பேர் வரைக்கும் வாடகைக் கார் போதும். இங்கயும் இடது பக்கம்தான் ஓட்டறது, ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான், அதனால நம்ம ஊர்ல ஓட்டறவங்களுக்குப் பெரிய கஷ்டம் இல்ல. கஷ்டம் ரவுண்டானாவுலதான். உள்ள ஏற்கனவே சுத்திட்டு இருக்கிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, நீங்க நின்னு வலது பக்கம் பார்த்துட்டுத்தான் நுழையணும். ஹாரன் அடிச்சுட்டு மூக்கை நுழைக்கிற பழக்கம் இங்க சுத்தமா ஆகாது. ஸ்பீடு கேமராவும் நிறைய இருக்கு. ஒரிஜினல் லைசென்ஸ் கையில இருக்கணும், போட்டோ காட்டினா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. குழந்தை சீட் வேணும்னா கார் புக் பண்ணும்போதே சொல்லிடுங்க.

ஆறேழு பேர், அதுலயும் பெரியவங்க இருந்தா டிரைவரோட வேன் எடுங்க. எடுக்கும்போது மூணு விஷயத்தைப் பேசி முடிச்சுடுங்க: மொத்த ரேட் எவ்வளவு, எத்தனை மணி வரைக்கும், எந்தெந்த இடத்துல நிக்கணும். முக்கியமா கடைக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லிடுங்க. ஒரு தடவை எங்க சித்தப்பா குடும்பத்தை ஒரு வேன்காரர் காலையிலயே ரெண்டு சாமான் கடையில இறக்கி ஒண்ணரை மணி நேரத்தைச் சாப்பிட்டுட்டார், அவங்களுக்குக் கடல்ல கால் நனைக்க அரை மணி நேரம்தான் மிஞ்சுச்சு. இடங்களை அதே வரிசையில ஒரு தாள்ல எழுதி டிரைவர் கையில குடுத்துட்டா இந்தப் பிரச்னை வராது.

பெட்ரோல் முந்தின நாளே போட்டுடுங்க. விலை தீவு முழுக்க ஒரே விலைதான், அதனால எங்க போட்டாலும் ஒண்ணுதான். மலை மேல காட்டுக்குள்ள பங்க் கிடையாது.

3. முந்தின ராத்திரி எடுத்து வைக்க வேண்டியது

ரெண்டு பையா பிரிங்க. ஒண்ணு மலைப் பை, இன்னொண்ணு கடல் பை. ஒரே பையில எல்லாத்தையும் திணிச்சா, கோயில்ல ஸ்வெட்டர் தேடும்போது நீச்சல் துணியும் டவலும் வெளிய விழும்.

மலைப் பையில ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் இல்லன்னா கெட்டித் துணி, ஒரு குடை, பூஜைச் சாமான், வாந்திக்குப் பிளாஸ்டிக் கவர், எலுமிச்சம்பழம். மொரீஷியஸ்னா வெயில்தானேன்னு எல்லாரும் பருத்தி பனியனோட வந்து நிப்பாங்க. கியூர்பிப், கங்கா தலாவ் எல்லாம் 550, 600 மீட்டர் உயரம், கடற்கரையை விட அஞ்சு டிகிரி கம்மியா இருக்கும், காத்து வேற அடிக்கும்.

கடல் பையில மாத்துத் துணி, டவல், தொப்பி, சன்ஸ்க்ரீன், அதோட ஆளுக்கு ஒரு ஜோடி பீச் ஷூ. பீச் ஷூவை யாரும் முக்கியமா நினைக்கிறதில்ல. இங்க லகூன்ல, அதாவது பவளப்பாறைக்கு உள்பக்கம் இருக்கிற கடல்ல, கடல் முள்ளெலி உண்டு, கல்மீன்னு ஒண்ணு பாறை மாதிரியே மணல்ல கிடக்கும், மிதிச்சா விஷ முள்ளு ஏறும். என் அண்ணி பொண்ணு வெறுங்காலோட இறங்கி முள்ளெலியை மிதிச்சுட்டு மூணு நாள் நொண்டினா. சூப்பர் மார்க்கெட்லயே பீச் ஷூ கிடைக்கும், வாங்கிடுங்க.

வண்டி டிக்கியில ஒரு அஞ்சு லிட்டர் கேன்ல சாதாத் தண்ணி வைங்க. குடிக்க இல்ல, கடல்லேர்ந்து வந்ததும் காலைக் கழுவ. கடற்கரையில குழாய் வேலை செய்யும்னு நம்பி இருக்க முடியாது.

சில்லறை நோட்டு கொஞ்சம் வேணும். அன்னாசி, இளநி, தோல் பூரிங்கிற பருப்புப் பூரி எல்லாம் கையில காசு குடுத்துத்தான் வாங்கணும். இங்க வேலை பார்க்கறவங்க உள்ளூர் அடையாள அட்டையை மறக்காதீங்க, டிக்கெட் வாங்கற நிறைய இடத்துல அதைக் காட்டினா ரேட் குறையும்.

4. காலை 7.15: கிளம்பறது, முதல் நிறுத்தம் த்ரூ ஓ செர்

ஏழேகால்னா வண்டி நகரணும். வேலைக்குப் போற கூட்டம் எல்லாம் போர்ட் லூயிஸ் பக்கம் போகும், நாம அதுக்கு எதிர்ப்பக்கம் தெற்கே போறோம், அதனால எட்டு மணி டிராஃபிக் நம்மளைப் பெருசாத் தொடாது. இருந்தாலும் 8 மணிக்கு மேல கியூர்பிப் டவுனுக்குள்ள ஸ்கூல் வண்டி சேர்ந்துடும்.

த்ரூ ஓ செர்ங்கிறது கியூர்பிப் ஊருக்குள்ளயே இருக்கிற பழைய எரிமலை வாய். சுத்தி ரோடு போட்டிருக்காங்க, உள்ள பள்ளம் முழுக்க மரம். காலையில போனா உள்ளூர் ஆளுங்க வாக்கிங் போயிட்டு இருப்பாங்க, டூரிஸ்ட் பஸ் எதுவும் வந்திருக்காது. இங்க 20 நிமிஷம் போதும். பள்ளத்தைப் பார்த்துட்டுத் திரும்பிடறாங்க நிறைய பேர், மறுபக்கம் திரும்பிப் பாருங்க, மேல நின்னா கோர் த கார்ட், ரெம்பார், மூணு முலை மாதிரி நிக்கிற த்ருவா மாமெல் மலை எல்லாம் தெரியும். அன்னைக்கு நாம போகப் போற பக்கத்துல மேகம் எப்படி இருக்குன்னும் இங்கேர்ந்தே தெரிஞ்சுடும், நான் இதை முதல்ல வச்சதுக்கு அதுவும் ஒரு காரணம். பள்ளத்துக்குள்ள இறங்காதீங்க, எப்பவும் ஈரமா வழுக்கும்.

கியூர்பிப்பே மூடுபனியில இருந்தா இந்த நிறுத்தத்தை விட்டுட்டு நேரா அடுத்ததுக்குப் போங்க, நஷ்டம் இல்ல.

காலைச் சாப்பாடு இங்கதான் முடிக்கணும். ரொட்டிக்குள்ள காத்தோ பிமான் வச்சுத் தருவாங்க, காத்தோ பிமான்னா நம்ம பருப்பு வடைதான், கோலிக்குண்டு மாதிரி சின்னதா இருக்கும், வெங்காயத்தாள் வாசனை அடிக்கும். தோல் பூரிக் கடை திறந்திருந்தா இன்னும் நல்லது. எங்களுக்குப் பழக்கமான ஒருத்தர் கண்ணாடிப் பெட்டியிலேர்ந்து ரெண்டு பூரியை ஒண்ணு மேல ஒண்ணாப் போடுவார், பருப்புப் பொடி உள்ள வச்ச மெல்லிசு பூரி, தூக்கினா அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும், மேல ஒரு கரண்டி பெரிய மொச்சைக் கறி, ஒரு கரண்டி தக்காளி ருகாய், கொத்தமல்லிச் சட்னி, நாலு விரல்ல சுருட்டித் தாள்ல மடிச்சுக் கையில குடுக்க அஞ்சு செகண்ட் ஆகாது. ஜோடியாத்தான் விப்பாங்க. பசங்களுக்கு வாங்கும்போது "சான் பிமான்"னு சொல்லுங்க, மிளகாய் வேணாம்னு அர்த்தம், சொல்லலைன்னா காரம் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு இருக்கும்.

மீதிக் காசு வாங்கும்போது நோட்டைப் பசங்க கையில குடுங்க. மொரீஷியஸ் ரூபா நோட்டுல தமிழ்லயும் எழுதியிருக்கும். ஊர்லேர்ந்து வந்த பசங்க அதை எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது முகத்தைப் பார்க்கணும்.

ஆனா வயிறு முட்டச் சாப்பிட விடாதீங்க. காரணம் 8-ஆம் பகுதியில வருது.

5. காலை 8.45: கங்கா தலாவ். குளம் முதல்ல, சிலை அப்புறம்

கியூர்பிப்லேர்ந்து லா மாரி, லெ பெத்ரின் வழியா போனா, குளத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே ரோட்டோரம் சிவனும் துர்க்கையும் 108 அடி உயரத்துல நிப்பாங்க. எல்லாரும் அங்கேயே பிரேக் போட்டுடுவாங்க. முக்கால் மணி நேரம் போட்டோ எடுத்துட்டு, அப்புறம் குளத்துக்குப் போனா டூரிஸ்ட் பஸ் கூட்டம் வந்திருக்கும், அர்ச்சனைக்கு நிக்கணும்.

நீங்க நிக்காம நேரா குளத்துக்குப் போயிடுங்க. எப்படியும் அடுத்த இடத்துக்குப் போக லெ பெத்ரின் சந்திப்புக்கே திரும்பி வரணும், சிலை அந்த வழியிலதான் இருக்கு, வரும்போது நின்னுக்கலாம். ஒரே ஒரு விதிவிலக்கு. போகும்போது சிலை தெளிவா இருந்து, பின்னாடி மேகம் இறங்கிட்டு வர்றது தெரிஞ்சா, அஞ்சு நிமிஷம் நிறுத்தி ஒரு குடும்ப போட்டோ எடுத்துட்டுப் போயிடுங்க.

குளத்தங்கரையில செருப்பை விட்டுட்டு நடக்கணும், காலையில தரை ஈரமா ஜில்லுனு இருக்கும், பெரியவங்களுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்துக்கலாம். அரை டிராயர், கையில்லாத பனியன் எல்லாம் இங்க வேணாம், கடற்கரைத் துணியை உள்ள போட்டுட்டு வர்றவங்க மேல வேஷ்டியோ துப்பட்டாவோ சுத்திக்கோங்க.

குரங்கைப் பத்தி கண்டிப்பா சொல்லணும். வாழைப்பழம் வச்ச பூஜைத் தட்டைக் குழந்தைங்க கையில குடுக்காதீங்க. எங்க கண்ணு முன்னாடி ஒரு பாட்டி படியில தட்டை வச்சுட்டு முந்தானையைச் செருகத்தான் குனிஞ்சாங்க, சுவர் மேலேர்ந்து ஒண்ணு இறங்கி சீப்போட தூக்கிட்டுப் போயிடுச்சு, கற்பூரமும் பூவும் சிதறிக் கிடந்துச்சு, பாட்டி கை அப்படியே நடுங்கிட்டு இருந்துச்சு. பழத்தைத் துணிப்பைக்குள்ள வச்சு, சன்னிதிக்கு வந்தப்புறம் எடுங்க. காருக்கு வந்ததும் கண்ணாடியை ஏத்திடுங்க. குரங்குக்குச் சாப்பாடும் போடாதீங்க, ஒண்ணுக்குப் போட்டா இருபது வரும், பசங்களைத்தான் பிராண்டும்.

குளம், கோயில், சிலை எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துலேர்ந்து ஒண்ணேகால் மணி நேரம். நுழைய டிக்கெட் கிடையாது. டாய்லெட்டை இங்கேயே முடிச்சுக்கச் சொல்லுங்க, அடுத்து ஷமரேல்தான்.

6. காலை 10.15: பிளேன் ஷாம்பாஞ், ஒரே ஒரு வியூ பாயின்ட்

லெ பெத்ரின்லேர்ந்து ஷமரேல் போற ரோடு தேசியப் பூங்காவுக்குள்ள போகுது. வழியில அலெக்சாண்ட்ரா அருவி, பிளாக் ரிவர் கோர்ஜஸ் வியூ பாயின்ட்னு போர்டு வரும். ரெண்டுலயும் இறங்கணும்னு ஆசை வரும். பெரியவங்க, சின்னப் பசங்களோட போறப்போ ஒவ்வொரு தடவை இறங்கி ஏறவும் கால் மணி நேரம் சும்மா போகுது. கோர்ஜஸ் மட்டும் போதும். பள்ளத்தாக்கு முழுக்கக் காடு, தூரத்துல கடல், நல்ல நாளா இருந்தா வால் நீளமா வெள்ளையா ஒரு பறவை கீழ மிதந்து போகும், பாய் ஆன் க்யூன்னு சொல்வாங்க. மேலேர்ந்து கீழ பறக்கிற பறவையைப் பார்க்கிறது பசங்களுக்குப் புதுசு.

அங்க அன்னாசி விப்பாங்க, செதுக்கி, மிளகாய் உப்பு தடவி. வாங்கினா வண்டிக்குள்ள உக்காந்து சாப்பிடுங்க, குரங்கு இங்கயும் உண்டு.

7. காலை 11: ஷமரேல்

ஒரே டிக்கெட்ல அருவி, ஏழு வண்ண மண் ரெண்டையும் பார்க்கலாம். கேட்டைத் தாண்டினதும் முதல்ல அருவி வரும், அங்க நின்னுட்டு அப்புறம் வண்டியிலயே உள்ள போனா வண்ண மண். அருவியைத் திரும்பி வரும்போது பார்த்துக்கலாம்னு விட்டுட்டுப் போனா பாதிப் பேர் மறந்துடறாங்க, இல்லன்னா பசி வந்துடுது. போகும்போதே பார்த்துடுங்க. பார்க்க நல்லா இருக்கிற மேடைக்குக் கொஞ்சம் படி ஏறணும். முட்டி வலி உள்ளவங்க கீழ் மேடையிலயே நிக்கலாம், அங்கேர்ந்தும் அருவி தெரியுது.

வண்ண மண்ணை 11 மணி வாக்குல வச்சதுக்குக் காரணம் வெயில். எரிமலைப் பாறை மக்கி மண்ணானப்போ அதுல இருக்கிற இரும்பு சிவப்பும் காவியுமா, அலுமினியம் நீலமும் ஊதாவுமா நிக்குது. மேகம் மூடினா இது எல்லாமே ஒரே பழுப்பாத் தெரியும், "இதுக்கா இவ்வளவு தூரம்"னு கேப்பாங்க. மதியத்துக்கு மேல மலைப்பக்கம் மேகம் சேரும், அதனால மத்தியானத்துக்கு முன்னாடி பார்த்துடணும். மேகம் இருந்தாலும் பத்து நிமிஷம் காத்திருங்க. ஒரு கீத்து வெயில் அடிச்சதும் சிவப்புக்கும் ஊதாவுக்கும் நடுவுல கோடு கிழிச்ச மாதிரி பிரியும், அதை எங்க அத்தை பார்த்துட்டு "கோலப்பொடி காயப்போட்ட மாதிரி இருக்குடி"ன்னாங்க, எனக்கு அதை விட நல்லாச் சொல்லத் தெரியல.

மண்ணு மேல நடக்க விட மாட்டாங்க, சுத்தி வேலி இருக்கு. பசங்க குனிஞ்சு ஒரு பிடி அள்ளிப் பையில போட்டுக்கப் பார்ப்பாங்க, கூடாது. பக்கத்துலயே பெரிய ஆமைங்க இருக்கு, பசங்க அங்கதான் அதிக நேரம் நிப்பாங்க, அதுக்கு இருபது நிமிஷம் தனியா வச்சுக்கோங்க.

மத்தியானச் சாப்பாடு 12.15க்கு ஷமரேல் ஊருக்குள்ளயே. 1 மணி ஆச்சுன்னா எல்லா டூர் பஸ்ஸும் ஒரே நேரத்துல வந்துடும், டேபிள் கிடைக்காது, அதனால முந்தின நாளே போன்ல சொல்லி வச்சுடுங்க. சைவம்னா "வெஜிடேரியன்"னு மட்டும் சொல்லி விட்டுடாதீங்க, மீனும் வேணாம், முட்டையும் வேணாம்னு தனித்தனியாச் சொல்லுங்க, இங்க சில பேருக்கு மீன் சைவக் கணக்குல வந்துடுது. வீட்டுலேர்ந்தே புளியோதரை கட்டிட்டு வர்றதும் நல்ல வழிதான். எங்க மாமியார் இருந்தா நாங்க அதைத்தான் பண்ணுவோம்.

ஊர்ல ரம் தொழிற்சாலை ஒண்ணு இருக்கு, சுத்திக் காட்டுவாங்க. குடும்பத்தோட, அதுவும் வண்டி ஓட்டறவர் கூட இருக்கிற நாள்ல அது வேணாம். அடுத்து வர்றது அந்த நாளோட கஷ்டமான ரோடு.

8. மதியம் 1.45: காஸ் நோயால் இறக்கம்

ஷமரேல்லேர்ந்து கடற்கரை ரோட்டுக்கு இறங்கற பாதை செங்குத்து, வளைவு மேல வளைவு. கால் மணி நேரம்தான், ஆனா வாந்தி எடுக்கிற எல்லாரும் இங்கதான் எடுப்பாங்க. அத்தை முதல் தடவை வந்தப்போ நல்லாச் சாப்பிட்டுட்டுக் கடைசி சீட்டுல உக்காந்து போனைப் பார்த்துட்டு வந்தாங்க, மூணாவது வளைவுலயே ஆயிடுச்சு. பாவம், அதுக்கப்புறம் அன்னைக்கு முழுக்க அவங்களால கடலைக் கூட ரசிக்க முடியல.

செய்ய வேண்டியது இதுதான். சாப்பிட்டு அரை மணி நேரமாவது உக்காந்துட்டுக் கிளம்புங்க. தலை சுத்தறவங்களை முன் சீட்டுல உக்கார வைங்க, கண்ணு ரோட்டைப் பார்க்கணும், போன் பையில போகணும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுங்க. வாந்தி மாத்திரை போடறதுன்னா இறங்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடணும், வளைவுல போட்டு ஒண்ணும் ஆகாது. குழந்தைக்கு எவ்வளவுங்கிறதை ஊர்லயே டாக்டரைக் கேட்டுட்டு வாங்க.

ஓட்டறவருக்கு: ரெண்டாவது கியர்ல இறக்குங்க, ஆட்டோமேட்டிக்னா கியர் லீவரைச் சின்ன கியருக்குத் தள்ளிடுங்க. பிரேக்கை மட்டும் நம்பி மிதிச்சுட்டே வந்தா அது சூடாகிக் கடைசி வளைவுல பிடிமானம் குறையும். எரியற வாசனை வந்தா ஓரம் கட்டிக் கால் மணி நேரம் ஆற விடுங்க. பின்னாடி வேகமா வர்ற உள்ளூர் வண்டிக்கு வழி விட்டுடுங்க, போட்டி போட வேணாம்.

பாதி இறக்கத்துல ஒரு இடத்துல மரம் விலகி, கீழ லகூனும் பெனித்தியே தீவும் லெ மோர்ன் மலையும் ஒண்ணாத் தெரியும். நிறுத்த இடம் இருக்கிற இடத்துல மட்டும் நிறுத்துங்க, வளைவுல நிறுத்தாதீங்க. தலை சுத்தறவங்களுக்கும் அந்த அஞ்சு நிமிஷக் காத்து நல்லது.

9. மதியம் 2.30: லெ மோர்ன், கடல்

கீழ வந்ததும் இடது பக்கம் திரும்பினா லெ மோர்ன். மலை 556 மீட்டர், 2008ல யுனெஸ்கோ பாரம்பரிய இடமாச்சு. பசங்களுக்குக் காரைவிட்டு இறங்கறதுக்கு முன்னாடி ரெண்டு வரி சொல்லுங்க: அடிமையா இருந்தவங்க தப்பிச்சு வந்து ஒளிஞ்ச மலை இது. சொல்லிட்டுப் பார்த்தா அந்தச் செங்குத்துப் பாறை வேற மாதிரி தெரியுது, எங்க பையன் அதுக்கப்புறம் ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு இருந்தான்.

பொதுக் கடற்கரைக்கே போங்க. ஹோட்டல் காவலாளியைப் பார்த்துட்டு, கடலே ஹோட்டலோடதுன்னு நினைச்சுத் திரும்பி வர்றாங்க சில பேர். இங்க கடற்கரை எல்லாருக்கும் பொது, பொதுக் கடற்கரைக்குள்ள நுழைய யாருக்கும் காசு குடுக்க வேணாம். சவுக்கு மர நிழல்ல பாயை விரிச்சு ஒரே இடத்துல முகாம் போடுங்க, பெரியவங்க ஒருத்தர் எப்பவும் சாமான்கிட்ட இருக்கணும். பணம், பாஸ்போர்ட்டைக் காருக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க.

தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது, காத்தாடி கட்டிப் பலகையில ஓடறவங்க எந்தப் பக்கம் இருக்காங்கன்னு. அந்தப் பக்கம் காத்தும் ஜாஸ்தி, நீரோட்டமும் ஜாஸ்தி, கயிறு வேற அறுத்துடும். அவங்க இல்லாத, அலையில்லாத பக்கம் இறங்குங்க. தூரத்துல வெள்ளையா நுரை கட்டற கோடுதான் பவளப்பாறை, அது கடலோட வேகத்தை நிறுத்துது, நமக்கு உள்பக்கம் குளம் மாதிரி இருக்கு. அந்தக் கோட்டுல வெள்ளை விட்டுப் போய் நீலமாத் தெரியற இடம் கடல் தண்ணி வெளிய இழுக்கிற வாய், அந்த நேருக்கு நீந்தவே கூடாது. நெஞ்சளவுத் தண்ணி, அதுக்கு மேல யாரும் இல்லன்னு முன்னாடியே பேசிக்கோங்க. ஏதாவது ஆச்சுன்னா ஆம்புலன்ஸ் 114, போலீஸ் 999, இதைக் கிளம்பும்போதே எல்லார் போன்லயும் பதிஞ்சு வைங்க.

சன்ஸ்க்ரீனைத் தண்ணியிலேர்ந்து வந்து ஒரு தடவை, மறுபடி இறங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை போடணும். நம்ம நிறத்துக்கு வெயில் ஒண்ணும் பண்ணாதுன்னு நினைச்சு விட்ட எங்க அண்ணனுக்கு ரெண்டு தோளும் உரிஞ்சு படுக்க முடியாமப் போச்சு.

இப்போ பாருங்க, ரெண்டரை மணி நேரம் முழுசா கடலுக்குக் கிடைச்சிருக்கு. அடுத்து எங்கயும் போக வேண்டியதில்ல, அதனால யாரையும் "வா வா"ன்னு இழுக்க வேண்டியதில்ல. மலையைக் காலையிலயே முடிச்சது இதுக்காகத்தான்.

10. சாயங்காலம் 5: கரையேறறது

சூரியன் மறையறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி எல்லாரையும் தண்ணியிலேர்ந்து ஏத்திடுங்க. துடைச்சு, துணி மாத்தி, டிக்கியில இருக்கிற கேன் தண்ணியில காலைக் கழுவி, செருப்பு போட்டதும் வெளிச்சம் இருக்கும்போதே சாமானை எண்ணி வண்டியில வச்சுடுங்க. இருட்டினப்புறம் மணல்ல சின்னச் செருப்பு, மூக்குக் கண்ணாடி எதுவும் கிடைக்காது. வேலை எல்லாம் முடிச்சுட்டு வந்து சும்மா உக்காந்து சூரியன் இறங்கறதைப் பாருங்க, பிளாஸ்க்ல டீ இருந்தா அந்த நேரத்துக்குன்னு வச்சுக்கோங்க.

திரும்பறது பிளாக் ரிவர், தமரின் வழியா கடற்கரை ரோடு. மறுபடி மலை ஏறாதீங்க, இருட்டுல வளைவும் பனியும் சேர்ந்துடும். தமரின் பக்கம் வேலை விட்டு வர்ற வண்டி சேர்ந்து மெதுவா நகரும், காத்ர் போர்ன் வர ஒரு மணி நேரம், சில நாள் ஒண்ணேகால் மணி நேரம் கூட ஆகும். பசங்க தூங்கிடுவாங்க, தலைக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைங்க.

நிறைய கடை சீக்கிரமே மூடிடும், அதனால போற வழியில சாமான் வாங்கலாம்னு கணக்குப் போடாதீங்க. ராத்திரிக்கு முந்தின நாளே இட்லி மாவு ஆட்டி வச்சுடறது எங்க பழக்கம், இல்லன்னா பக்கத்துக் கடையில மீன் ஃப்ரீ வாங்கிக்கலாம், பேரைக் கேட்டு சைவக்காரங்க பயப்பட வேணாம், வறுத்த நூடுல்ஸுக்கு இங்க அதுதான் பேரு, காய்கறி மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்க.

மறுநாள் காலையில எந்த டிக்கெட்டும் போட்டு வைக்காதீங்க. பக்கத்துல எங்கயாவது போகணும்னு கேட்டா, கோர் த கார்ட் மலை அடிவாரத்துல இருக்கிற முருகன் கோயிலுக்கு ஒரு பத்து மணிக்கு மேல கூட்டிட்டுப் போங்க, முந்தின நாள் த்ரூ ஓ செர் மேலேர்ந்து பார்த்த அதே மலைதான், பசங்களே அடையாளம் கண்டுபிடிச்சுச் சொல்வாங்க.